முறைப்பனுக்கு வாய் வைத்த கதை

எதிர் வீட்டு அலமாரியில் ஒரு பொம்மை இருந்தது. ஒரு நாள் அது என்னைப் பார்த்து முறைத்த முறைப்பில், என் கடையில் சாவி தொலைந்து வந்து கிடந்த பூட்டு ஒன்று தானாகவே திறந்துகொண்டது. நான் பூட்டு சாவி வேலை செய்கிறவன். ஆயுசு முழுக்கப் பூட்டுகளைக் கெஞ்சியும் கொஞ்சியும் திறந்தவன். மிரட்டலுக்குப் பணிந்த முதல் பூட்டு அதுதான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பூட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அன்றிலிருந்து பூட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறது.

அந்தப் பொம்மைக்கு முறைப்பன் என்று பெயர். தலை ஒரு பெரிய மட்டிச் சிப்பியின் ஓடு. கண்கள் இரண்டும் அடிப்பக்கம் தெரிய மல்லாத்திப் பதித்த சோழிகள். அந்தப் பல் வரிசையே இமை மாதிரி இறுகிக்கிடக்கும். புருவத்துக்குக் கருநீலச் சிப்பி இரண்டு, மூக்கை நோக்கிச் சரிந்து நிற்கும். முடி, வலையிலிருந்து அறுந்து கரை ஒதுங்கிய கயிற்றின் பிசிறு. கைகள் நண்டுக் கொடுக்கு. காலில் செருப்பு, அலை தூக்கி வந்து போட்ட யாருடைய செருப்பையோ வெட்டிச் செய்தது. வாய் ஒரு சின்னச் சிப்பி, கவிழ்ந்த பிறை மாதிரி கீழ்நோக்கி வளைந்தது. மொத்தத்தில், ‘என்ன?’ என்று கேட்டால் ‘உனக்கென்ன?’ என்று திருப்பிக் கேட்கிற முகம்.

அதைச் செய்தவளை எல்லோரும் சிப்பிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் புருஷன் கூடைக்காரன். விடியும்போதே கூடையை எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்து, கடல் துப்பியதையெல்லாம் பொறுக்கி வருவது அவன் வேலை. சங்கு, சோழி, கணவாய் ஓடு, உப்பு நீர் தேய்த்து மழுங்கிய கண்ணாடித் துண்டு, பாட்டில் மூடி, பொம்மைக் காரின் சக்கரம், பல் செட்டு. ஆமாம், ஒரு தடவை பல் செட்டு கிடைத்தது. அவள் அதைக் கழுவி, ஒரு முதலைப் பொம்மைக்கு வைத்தாள். வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் அந்த முதலை ராத்திரியில் மொறுமொறுப்பான பண்டம் எதையும் விட்டுவைப்பதில்லை என்று கேள்வி.

ஆரம்பத்தில் அவள் டிவியில் ஓடுகிற பொம்மைப் படங்களில் வருவதையெல்லாம் செய்துகொண்டிருந்தாள். குழந்தைகள் அதைத்தான் கேட்டார்கள். பிறகு தானாகவே கற்பனை செய்ய ஆரம்பித்தாள். தும்மல் யானை, தூங்குமூஞ்சிக் காவலாளி, ஓட்டைப்பல் முதலை என்று வரிசையாக வந்தன. கடைசியாக வந்தவன் முறைப்பன். அவனுக்கு மாதிரி யார் என்று ஒரு நாள் கேட்டேன்.

“கண்ணாடி பாத்துச் செஞ்சேன் பெரியப்பா” என்றாள்.

மறுக்க முடியவில்லை. அவளுக்கு முகம் அப்படித்தான். சிரிக்கத் தெரியாதவள் இல்லை. சும்மா சிரிக்க மாட்டாள். கடற்கரையில் துணி விரித்துப் பொம்மைகளை அடுக்கி உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் எல்லோரும் பொம்மையைப் பார்ப்பதற்கு முன் அவளைப் பார்த்து, “கொஞ்சம் சிரிச்சா என்னம்மா?” என்பார்கள். புருஷனும் அதைத்தான் சொல்வான். “வியாபாரம் பண்ற இடத்துல முகத்த இப்படி வச்சிருந்தா எப்படி? ஒரு சிரிப்புல என்ன கொறஞ்சு போயிடும்?”

“உங்க கூடைல சிரிப்பு கெடச்சா பொறுக்கிட்டு வாங்க, ஒட்டிக்கறேன்” என்பாள்.

அந்த வீட்டுத் தொழிலில் இரண்டு சட்டங்கள் உண்டு. இரண்டும் இந்தக் கதைக்கு வேண்டும்.

முதல் சட்டம் குழி. காலி ஓடாக ஒதுங்குவதைக் கழுவிக் காயவைத்தால் போதும். ஆனால் காற்று பலமாக அடித்த மறுநாள் கடல் கொண்டுவந்து கொட்டுகிற சங்கிலும் நத்தையிலும் உள்ளே ஆள் குடியிருக்கும். அதைக் கொல்லைப்புற மணலில் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். எறும்பும் புழுவும் சேர்ந்து மூன்று வாரத்தில் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிடும். பிறகு தோண்டி எடுத்து, சோடா போட்டுக் கொதிக்க வைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் வைக்க வேண்டும். சுருண்ட சங்கின் உள்ளறையில் நகக்கண் அளவு சதை தங்கினாலும் போதும். புதுசில் ஒரு தடவை அப்படித் தங்கிவிட்டது. தும்மல் யானையின் தும்பிக்கையில். வாங்கியவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். முதலில் பக்கத்து சீட்டு இறங்கியது. பிறகு பஸ் முழுக்க இறங்கியது. கடைசியில் டிரைவரும் குதித்துவிட்டார். அதற்குப் பிறகும் பஸ் கொஞ்ச தூரம் தானாகவே ஓடியது என்றால், அதற்கும் மூக்கு இருந்தது என்றுதானே அர்த்தம்.

இரண்டாவது சட்டம் தாய். எந்தப் பொம்மையானாலும் முதலில் செய்த ஒன்றை விற்கக் கூடாது. அதுதான் தாய். அலமாரியில் இருக்கும். அடுத்ததை எல்லாம் அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். தாய் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. இந்தச் சட்டத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே போட்டது. அதனால்தான் அவ்வளவு கண்டிப்பு.

கூடைக்காரன் இரண்டாவது சட்டத்தை மீறினான்.

கரையின் வடக்கு மூலையில் ஒரு பெரிய விடுதி இருக்கிறது. கூடைக்காரனின் தங்கை அங்கே பரிசுப் பொருள் கடையில் வேலை பார்த்தாள். அவள் மூலமாக விடுதிக்காரர் ஒரு நாள் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். வெள்ளைக் கால்சட்டை, வாசனை. சிப்பிக்காரி பசை வாங்க டவுனுக்குப் போயிருந்த நேரம். அலமாரியைப் பார்த்தார், முறைப்பனைப் பார்த்தார், ‘ரெண்டு நாள் எங்க ஹால்ல வச்சு ஜனங்களுக்குக் காட்டறேன்’ என்றார். வேறொன்றைக் கொடுத்திருக்கலாம். அவர் விரல் தாயைத்தான் காட்டியது. பெரிய மனிதர் வீடு தேடி வந்து கேட்கிறாரே என்று கூடைக்காரன் பழைய துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டான்.

அவள் வந்து அலமாரியில் தாய் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். புருஷன் விஷயத்தைச் சொன்னான்.  அன்று அந்த வீட்டில் சோறு குழைந்துபோனதும் மீன் தீய்ந்துபோனதும் என் கடை வரை மணத்தது. தாய் திரும்பி வரும்வரை அவள் ஒரு முறைப்பனையும் செய்யவில்லை. திரும்பி வந்ததும் அதை முகர்ந்து பார்த்தாள்.

“என்னமோ எண்ணெய் வாடை அடிக்குது.”

“தொடச்சு வச்சிருப்பாங்க. பெரிய இடம், பளபளன்னு இருக்கணும்ல.”

“சிப்பிய யாருங்க எண்ணெய் போட்டுத் தொடைப்பாங்க?”

 எனக்குத் தெரியும். சாவியைச் சோப்புக் கட்டியில் அழுத்தி நகல் எடுக்கிறவனும் அச்சு ஒட்டாமல் வர முதலில் எண்ணெய்தான் தடவுவான். சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்த வீட்டில் ஏற்கெனவே புகைச்சல் போதுமான அளவு இருந்தது.

வெயில் காலம் பிறந்து, கரையில் கூட்டம் கூடத் தொடங்கிய நேரத்தில் ஒரு மத்தியானம் நாத்தனார் வந்தாள். கையில் பளபளக்கும் அட்டைப் பெட்டி. நானும் ஒரு தேநீருக்காக அங்கே உட்கார்ந்திருந்தேன்.

“அண்ணி, கண்ண மூடுங்க.”

“எதுக்கு? பசை காயுது, சீக்கிரம் காட்டு.”

“எங்க கடைல இன்னைக்கு எறங்கிச்சு. நீங்க பாத்தா அசந்து போயிடுவீங்க!”

பெட்டியைத் திறந்தாள். உள்ளே பிளாஸ்டிக்கில் ஒரு முறைப்பன். அதே மட்டித் தலை, அதே சோழிக் கண், கயிற்று முடியின் பிசிறுகூட இழை இழையாக அப்படியே. ஒன்று மட்டும் வேறு. வாய் மேல்நோக்கி வளைந்திருந்தது. சிரித்தான்.

கூடைக்காரன் வாங்கிப் பார்த்து, “அட, நம்ம பயலேதான்!” என்றான். பாவி, முகத்தில் பெருமைகூட வந்துவிட்டது.

அவள் பொம்மையை வாங்கித் திருப்பினாள். தலையையும் உடம்பையும் சேர்க்கிற இடத்தில், பிடரியில், பசை மாவை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவது அவள் பழக்கம். சிப்பி திறக்கும் கத்தி ஒரு முறை பட்டு, அவள் கட்டைவிரலில் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. பிளாஸ்டிக் பிடரியில் அந்த ரேகை இருந்தது. தழும்பும் இருந்தது. தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். குழிக்குள் விரல் போய் உட்கார்ந்தது.

“இந்த மாதிரி எத்தனை இருக்கு?” என்று நாத்தனாரைக் கேட்டாள்.

“கிடங்கு நெறைய இருக்கு அண்ணி. அட்டைப் பெட்டி கூரைய முட்டுது.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷனை ‘நீங்க’ என்று மட்டுமே பேசியவள் அவள். அன்றைக்கு அது போயிற்று.

“என் கை ரேகையையும் சேர்த்துக் குடுத்துட்டியேடா!”

கூடைக்காரன் எழுந்து நின்றுவிட்டான். “எனக்கென்ன தெரியும்? ரெண்டு நாள் பார்வைக்குன்னாரு...”

“பார்வைக்கு! பாத்தாங்கல்ல? உரிச்சுப் பாத்திருக்காங்க!”

“அண்ணி, எதுக்குக் கத்தறீங்க? எவ்ளோ அழகா சிரிக்குது. உம்முன்னு இருந்தத விட இது நல்லாத்தான் இருக்கு” என்றாள் நாத்தனார். அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் அவள் வாசலைத் தாண்டி ஓடியபோது பின்னாலேயே பசை டப்பா ஒன்று பறந்தது. அது எங்கள் தெருவைத் தாண்டி, கடலைத் தாண்டி, இன்னும் கீழே விழவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை விடுதிக்குப் புறப்பட்டாள். “பெரியப்பா, நீங்களும் வாங்க. நான் யாரையாவது அடிச்சா சாட்சி சொல்ல ஆள் வேணும்” என்றாள். அடிக்கவில்லை என்று சாட்சி சொல்லவா, அடித்தாள் என்று சொல்லவா என்று கேட்டேன். “அங்க போய் முடிவு பண்ணலாம்” என்றாள். கூடைக்காரன் பின்னால் கொஞ்சம் தள்ளி வந்தான்.

விடுதிக்காரர் எங்களை உட்காரவைத்தார். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். மரியாதை தெரிந்த மனிதர்களோடு சண்டை போடுவது சிரமம்.

“இது என்னோடது” என்று பிளாஸ்டிக்கை மேஜையில் வைத்தாள்.

“உன்னோடது சிப்பிம்மா. இது பிளாஸ்டிக். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?”

“பிடரியப் பாருங்க. என் வெரலு.”

பார்த்தார். “அட, ஆமா. அச்சு எடுத்தவன் நல்ல வேலைக்காரன்.” பொம்மையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, “நீ மட்டும் என்ன, டிவில வர்றதப் பாத்துச் செய்யலயா? யாரக் கேட்டுச் செஞ்ச?” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கேள்வியில் நியாயம் இருந்தது. அவள் குனியவில்லை.

“செஞ்சேன். இல்லைன்னு சொல்லல. ஆனா அழுவுறத சிரிக்க வைக்கல, சிரிக்கறத அழ வைக்கல. அதது மூஞ்சிய அததுக்கு விட்டேன். நீங்க எடுத்தது எடுத்தீங்க, எதுக்கு சார் சிரிக்க வச்சீங்க?”

“முறைச்சா யாரும்மா வாங்குவா?”

“என்கிட்ட வாங்கினாங்களே.”

“பாவம்னு வாங்கியிருப்பாங்க.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “கோவப்படாத. உனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன். வாசல்ல எட்டடி உயரத்துல இவனையே நிறுத்தப்போறேன். உடம்பு ஃபைபர். மேல முழுக்க நெஜ சிப்பி ஒட்டணும். வர்றவங்க தொட்டுப் பாத்து மயங்கணும். கிட்ட போனா அசல் கடல் வாசனை வரணும். உன்ன விட்டா யார் செய்வா?”

“வேற யாரையாவது பாருங்க.”

“பாக்கலாம். ஆனா ஒண்ணு. இனிமே கரைல நீ முறைப்பன விக்க வேண்டாம். ஒண்ணு சிரிச்சு, ஒண்ணு முறைச்சா ஜனங்க எது அசல்னு குழம்புவாங்க. வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டேன். மத்த பொம்மை எத வேணா வித்துக்கோ.” கதவு வரை வந்து வழியனுப்பினார். “போற வழிக்கு ஒரு சிரிப்பாவது சிரிச்சுட்டுப் போயேன்மா.”

அவள் அவரைப் பார்த்த பார்வையில் எனக்குப் பயம் வந்து, பையில் பூட்டி வைத்திருந்த வேறொரு பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதுவும் திறந்திருந்தது.

அதன் பிறகு கரையில் முறைப்பனை எடுத்து வைத்தால் வாட்ச்மேன் வந்துவிடுவான். அவனும் எங்கள் பக்கத்து ஆள்தான். “அக்கா, என் வேலைல கை வைக்காதீங்க, உள்ள எடுத்து வச்சிருங்க” என்று கெஞ்சுவான். அவள் துணிக்கு அடியில் மறைத்து வைப்பாள். தன் முகத்தையே மறைத்து விற்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் ஒரு சின்னப் பெண் அவளிடம் இருந்த அசலைப் பார்த்து, அம்மாவின் கையை இழுத்து, “இது டூப்ளிகேட்மா, சிரிக்க மாட்டேங்குது” என்றாள். அன்று சிப்பிக்காரி துணியைச் சுருட்டிக்கொண்டு பாதியிலேயே வந்துவிட்டாள். வீட்டுக்குள் எதையும் உடைக்கவில்லை, கத்தவில்லை. ஒரு சிப்பி ஓட்டை எடுத்துத் தேய்த்தாள். அது காகிதம் மாதிரி மெலிந்து, வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும்வரை தேய்த்தாள்.

கூடைக்காரன் என் கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

“பெரியப்பா, அவ கத்தினாக்கூடப் பரவால்ல. பேசவே மாட்டேங்கறா. நான் பொறுக்கிட்டு வர்றத வாங்கறா, கழுவறா, ஒட்டறா. என்னத் திரும்பிக்கூடப் பாக்கல.”

“என்ன செஞ்சா பாப்பான்னு நெனைக்கற?”

“கடல்ல போய் விழுந்தா பாப்பாளோ என்னமோ.”

“மாட்டா. அலை ஒதுக்கினதும் எடுத்துக் கழுவி, காதுக்கு ஒரு மூடி, காலுக்கு ஒரு செருப்புன்னு வெட்டிக்குவா.”

அவன் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் அந்தப் பொருளுக்கு அப்போது தட்டுப்பாடு.

பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள். “அந்த எட்டடி வேலைய எடுத்துக்கறேன்னு போய்ச் சொல்லு.” கூடைக்காரன் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு எங்கள் வாசலிலும் இன்னொன்று விடுதி வாசலிலும் கிடந்தது.

வேலை நடந்தது. வாசலில் நான்கு கம்பு நட்டு, தார்ப்பாய் சுற்றி, அதற்குள் ஏணி போட்டு ஏறி ஒட்டினாள். உள்ளே அடுப்புச் சூடு. செருப்புக் காலிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறினாள். குழியில் வெந்து, கொதித்து, காய்ந்து, எலும்பு மாதிரி வெளுத்த ஓடுகள்தான் எல்லாம். சுத்தமான வேலை. ஒரு சிப்பிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எறும்பு நுழைய இடம் இல்லை. அந்த மாதிரி வேலையைக் கோபம் இருக்கிறவர்கள்தான் செய்ய முடியும். விடுதிக்காரர் தினமும் வந்து தார்ப்பாயை விலக்கிப் பார்ப்பார். “பிரமாதம்! பிரமாதம்!” கழுத்து முடிந்த அன்று மேலே பார்த்து, “வாய் ஞாபகம் இருக்கில்ல? மேல் பாக்க வளையணும். நல்லா அகலமா, பல்லு தெரிய” என்று கையால் தன் வாயை இழுத்துக் காட்டினார்.

“ஞாபகம் இருக்கு சார்.”

“அசல் கடல் வாசனை?”

“அதுவும்.”

அன்று ராத்திரி காற்று பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் அடிக்கிற காற்றைப் பற்றிச் சொன்னால் பொய் என்பீர்கள், விட்டுவிடுகிறேன். என் கடைப் பெயர்ப்பலகை மட்டும் இப்போது வேறு ஊரில் வேறொருவனுக்கு வியாபாரம் செய்து கொடுக்கிறது. விடிந்தபோது கரை முழுக்கக் கடல் தன் வயிற்றைக் கொட்டி வைத்திருந்தது. சங்கும் நத்தையும் மட்டியும் குவியல் குவியலாக, உள்ளே ஆளோடு. பாதி இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. கூடைக்காரன் நடை நடையாக வாரிக்கொண்டு வந்தான். கொல்லையில் மண்வெட்டியை எடுத்தான்.

“குழி வேண்டாம்” என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்தான்.

“தலைக்கு இதுதான். அப்படியே கொண்டா.”

“கழுவவாவது...”

“வேண்டாம்.”

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். துலக்குவதை நிறுத்திவிட்டேன். கூடைக்காரன் அவளைப் பார்த்தான். கூடையைப் பார்த்தான். வாழ்க்கையில் அவனுக்கு எதுவும் உடனே புரிந்ததில்லை; அன்றைக்குப் புரிந்தது. ஏன் என்று கேட்பான், பயந்து போவான், தங்கையின் வேலை என்ன ஆகும் என்பான் என்று நினைத்தேன். அவன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

“பெருசு பெருசாப் பொறுக்கட்டுமா, சின்னதா வேணுமா?”

“கன்னத்துக்குப் பெருசு. சுருண்டதா, உள்ள ஆழமா இருக்கறதாப் பாரு.”

“சரி” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனான். வெகு நாளைக்குப் பிறகு அவள் அவன் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையை ஒரே மூச்சில் ஒட்டி முடித்தாள். தார்ப்பாயைக் கயிற்றால் கட்டி, ‘பசை காயணும், திறப்பு விழாவுக்கு முன்னாடி யாரும் காத்துப்பட விட வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வந்தாள். அது இரண்டு குழாய்ப் பசை. ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அதற்குப் பிறகு யார் பேச்சையும் கேட்காது. ஓடுகளின் வாய்ப்பக்கத்தில் மட்டும் பசை படாமல் ஒட்டியிருந்தாள். மூச்சு வாங்க இடம் வேண்டாமா?

மறுநாள் திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். விடுதிக்காரர் கயிற்றை இழுத்தார். தார்ப்பாய் விழுந்தது.

எட்டடி முறைப்பன் முறைத்தான். புருவம் இரண்டும் உழுத மண் மாதிரி இறங்கியிருந்தன. வாய் ஒரு பெரிய கருஞ்சிப்பி, ஃபைபர் சிரிப்பை முழுக்க மூடி, கீழ்நோக்கி. முன்வரிசையில் நின்ற பெரிய மனிதர் ஒருவர் தன்னையறியாமல், “மன்னிச்சிருங்க” என்றார்.

விடுதிக்காரர் முகம் கருத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். அதற்குள் குழந்தைகள் ஓடிப்போய் அதன் காலடியில் நின்று, இடுப்பில் கை வைத்து, அதே மாதிரி முறைக்க ஆரம்பித்துவிட்டன. பெரியவர்கள் போட்டோ எடுத்தார்கள், அவர்களும் முறைத்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு எடுத்துக்கொண்டது. விடுதிக்காரர் அதையெல்லாம் பார்த்தார். கருத்த முகம் மெல்லத் தெளிந்தது.

“பரவால்லையே!” என்றார். “இதுவும் ஓடும்போல இருக்கே. அச்சுல வாய மட்டும் மாத்திடலாம். முறைக்கறதையும் நானே விக்கறேன்.” அவள் தோளைத் தட்டவந்து, முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். “கெட்டிக்காரிம்மா நீ.”

 திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தால், அவன் பிடித்த கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். திரும்பி வரும் வழியில் கூடைக்காரன் அழாத குறை. அவள் மட்டும் வானத்தைப் பார்த்தாள். மேகம் ஒன்றுகூட இல்லை. காற்று போய், வெயில் ஈயமாய் உருகிக் கொட்டியது.

“நல்லாக் காயும்” என்றாள்.

மூன்றாம் நாள் முறைப்பன் வாய் திறந்தான்.

முதலில் பூனைகளுக்குத்தான் தெரிந்தது. எங்கள் தெருப் பூனைகள் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் விடுதிக்குக் குடிபோயின. பிறகு ஈக்கள். பகலிலேயே அந்த வாசலில் இருட்டாக இருந்ததால் விளக்குப் போட்டார்கள். விடுதிக்காரர் ரோஜா வாசனைத் திரவம் வாங்கி அடிக்கச் சொன்னார். அழுகலும் ரோஜாவும் சேர்ந்தபோது, மாடியில் தங்கியிருந்தவர் படிக்கட்டு வேண்டாமென்று நேராகவே இறங்கிவிட்டார். தங்க வந்த வண்டிகள் வாசல் வரை வந்து, ஜன்னலை ஏற்றிக்கொண்டு திரும்பின. ஓட்டைத் தட்டிப் பெயர்க்க ஆள் வந்தது. உளி உடைந்தது, பசை விடவில்லை. ஃபைபர்தான் விரிந்தது.

விடுதிக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். சிப்பிக்காரி வாசலில் உட்கார்ந்து தும்மல் யானைக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்ணி வச்சிருக்க நீ?”

“நீங்க கேட்டதுதான் சார்.”

“நான் கேட்டனா? இந்த நாத்தத்த நான் கேட்டனா?”

“அசல் கடல் வாசனை வேணும்னீங்க. அசல் இப்படித்தான் இருக்கும்.”

“போலீஸ்ல சொல்லுவேன்!”

“சொல்லுங்க. என்னன்னு சொல்லுவீங்க, கடல் நாறுதுன்னா?” யானையைக் கீழே வைத்தாள். “எப்படிச் சுத்தம் பண்ணணும்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அச்சுல அது வராது சார். ரேகை வரும், தழும்பு வரும். அது வராது.”

 அவர் கைக்குட்டை விலகியதும் மறுபடி பொத்திக்கொண்டார், எங்கள் தெருவில் நாற்றமே இல்லாதபோதும்.

“இனிமே உன் சாமான் ஒண்ணு என் வாசல் பக்கம் வரக் கூடாது.”

“வராது. என் மூஞ்சி உங்க கடைல இருக்கே, அத என்ன செய்யப் போறீங்க?”

அவர் அதைக் காதில் வாங்காமல் நடந்தார். ஆனால் வாசலில் மணந்த அந்த முகத்தைப் பெட்டியிலும் பார்த்தவர்கள், பெட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்று நாத்தனார் வந்து சொன்னாள். பிளாஸ்டிக் நாறாது. இருந்தாலும் கூரையை முட்டிய பெட்டிகள் கூரையை முட்டிக்கொண்டே இருந்தன. நாத்தனாருக்கு வேலை போகவில்லை. மூக்குதான் போய்விட்டது என்றாள். அண்ணியிடம் கொஞ்சம் தள்ளியே நின்று பேசினாள்.

கடைசியில் ரம்பம் கொண்டுவந்து முகத்தை மட்டும் அறுத்து எடுத்தார்கள். காதிலிருந்து காது வரை, ஒரே துண்டாக வந்தது. தூக்கிய ஆட்கள் வாந்தி எடுத்துக்கொண்டே கொண்டுபோய்க் கடலில் வீசினார்கள். கடலுக்கும் மூக்கு உண்டு. அடுத்த அலையிலேயே கரைக்குத் தள்ளிவிட்டது.

கரை ஒதுங்கியது பொறுக்கியவனுக்குத்தான் சொந்தம். விடியும்போது கூடைக்காரன் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெரு வழியாக வந்தான். அவனுக்கு முன்னால் முறைப்பன் வந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். தெருவில் ஒரு ஜன்னல்கூட மிச்சமில்லாமல் சாத்திக்கொண்டது. பின்னால் வால் தூக்கிய பூனைகள் வரிசையாக வந்தன.

கொல்லையில் கொண்டுபோய் மெதுவாக இறக்கி வைத்தான். மண்வெட்டியை எடுத்துப் பெரிய குழியாக வெட்டினான். வியர்த்துக் கொட்டியது. அவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். நான் வேலியோரம் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வேறென்ன வேலை.

“மூணு வாரத்துல சுத்தமாயிடும்” என்றான் அவன், அவளைப் பார்க்காமல். “அப்புறம் எடுத்து நம்ம வாசல்ல மாட்டிடலாம்.” முகத்தைக் குழிக்குள் மல்லாக்க வைத்து மண்ணைத் தள்ள ஆரம்பித்தான். அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகம் இருந்த நிலையில் ஒரு சிரிப்பையாவது கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்திருப்பான். நல்லவேளை, கேட்கவில்லை. மண்ணைத் தள்ளினான். கன்னம் மறைந்தது, வாய் மறைந்தது.

“என்னங்க” என்றாள்.

மண்வெட்டி நின்றது.

“ரொம்ப ஆழமாப் புதைக்காதீங்க. கண்ணு ரெண்டும் வெளிய தெரியட்டும்.”